ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘இடது சைனஸ் சிறுத்திருக்கிறது’ என்று இருக்கிறது. தலையிலிருந்து ரத்தம் சரியாக இறங்காமல் போவது எதனால்?

கடலூர்க்காரன் | திங்கள், இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். வயது 38, உட்கார்ந்து செய்யும் வேலை. மூன்று மாதமாகப் பின்மண்டையில் ஒரு கனம். குனிந்து ஷூ லேஸ் கட்டினால் முகத்துக்குள் ரத்தம் வந்து நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. மாத்திரை போட்டால் அரை நாள் சும்மா இருக்கும், அப்புறம் பழைய கதைதான். போன வாரம் எம்.ஆர்.ஐ.யும் கூடவே வீனோகிராம் என்று ஒன்றும் (தலையிலிருந்து ரத்தம் இறங்கும் குழாய்களைக் காட்டும் படமாம்) எடுத்தார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரி இது: “இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் ஹைப்போபிளாஸ்டிக். வலது பக்கம் டாமினன்ட். ரத்தக்கட்டு இல்லை.”

சைனஸ் என்றதும் மூக்கு சமாசாரம் என்று நினைத்து இரண்டு நாள் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். சிரிக்காதீர்கள்.

நரம்பியல் டாக்டரைப் பார்க்க இந்த வாரக் கடைசியில்தான் நேரம் கிடைத்தது. அதற்குள் பக்கத்துத் தெரு சிகிச்சை மையத்தில் ரிப்போர்ட்டைக் காட்டினேன். “கழுத்து நரம்பு அடைப்பு, தலைக்குப் போன ரத்தம் திரும்பி வரவில்லை, 12 சிட்டிங் அழுத்தினால் திறந்துவிடும்” என்றார்கள். சிட்டிங்குக்கு 900 ரூபாய். அட்வான்ஸ் 2,000 கொடுத்துவிட்டேன். நிஜமாகவே இப்படி அடைக்குமா? என்னென்ன காரணத்தால் அடைக்கும்?

பழைய ஸ்கூட்டர் | திங்கள், இரவு 10.05

தலையணையைத் தூக்கிப் போடுங்கள். செல்போனைக் குறையுங்கள். எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

எம்ஆர்ஐ மாமா | திங்கள், இரவு 11.20

ஸ்கேன் சென்டரில் 14 வருடமாக மெஷினை ஓட்டுகிறவன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, நீங்கள் ஆவி பிடித்த சைனஸ் வேறு, இது வேறு. மூளையைச் சுற்றி ஒரு தடித்த உறை இருக்கிறது. அதன் மடிப்புகளுக்குள் ஓடும் ரத்த வாய்க்கால்களுக்கும் சைனஸ் என்றுதான் பெயர். உச்சந்தலையில் முன்னிருந்து பின்னாக ஒன்று ஓடும். அது பின்மண்டைக்கு வந்ததும் இடம் வலமாகப் பிரியும். அந்தக் கிளைகள்தான் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ். காதுக்குப் பின்னால் ‘எஸ்’ மாதிரி வளைந்து, மண்டையோட்டின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக இறங்கிக் கழுத்தில் ஜுகுலர் என்ற பெரிய குழாயாகிறது.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டும் சம அகலமா என்ன? இதுவும் அப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு வலது கிளை பெரிது, இடது சின்னது. சிலருக்கு இடது நூல் மாதிரிதான் இருக்கும். ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தமில்லை, பிறக்கும்போதே சின்னதாக அமைந்தது. வாரத்துக்கு எத்தனை ரிப்போர்ட்டில் இந்த வரி போகிறது தெரியுமா? வந்தவர்களில் பாதிப் பேர் முகம் வெளுத்துத்தான் கிளம்புகிறார்கள்.

பிறவியா, நடுவில் அடைத்ததா என்று ரேடியாலஜிஸ்ட் எப்படிக் கண்டுபிடிப்பார்? எலும்பில் இருக்கும் அந்த ஓட்டையைப் பார்ப்பார். குழாய் பிறவியிலேயே சின்னது என்றால் அந்தப் பக்கத்து ஓட்டையும் பள்ளமும் சின்னதாகத்தான் இருக்கும். வாசல் பெரிதாக இருந்து உள்ளே ரத்தம் மட்டும் தெரியவில்லை என்றால்தான் சந்தேகம். இன்னொன்று, மருந்து ஏற்றாமல் எடுக்கும் படத்தில் மெதுவாக ஓடும் ரத்தம் தெரியாமலே போகும். குழாயே அறுந்த மாதிரி காட்டும். அந்த மாதிரி நேரத்தில் மருந்து ஏற்றி மறுபடி எடுப்போம்.

இரவுப்பணி | செவ்வாய், காலை 6.50

இப்போதுதான் டியூட்டி முடிந்தது. நியூரோ ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ். மாமா சொன்னது சரி. கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன், ஏனென்றால் நிஜமாகவே அடைத்தவர்களைத்தான் நாங்கள் பார்க்கிறோம்.

மூளைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் ரத்தம் போகிறது. போனது அத்தனையும் இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை என்றால் ஒன்று குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்திருக்கும், இல்லையென்றால் வெளியிலிருந்து எதுவோ அமுக்கும், அதுவும் இல்லையென்றால் கீழே இதயம் வாங்கிக்கொள்ளாது. கழுத்துக் குழாய் புடைத்துக்கொண்டு வரும் நோயாளிகளில் கணிசமானவர்களுக்குக் கழுத்தில் ஒன்றுமே இருக்காது. இதயத்தின் வலது பக்கம் சோர்ந்திருக்கும், அல்லது இதயத்தைச் சுற்றி நீர் கோர்த்திருக்கும். கட்டிலை 45 டிகிரிக்குச் சாய்த்து வைத்து டாக்டர்கள் கழுத்தையே உற்றுப் பார்ப்பது அதற்காகத்தான். குளத்துக் கரை தளும்பினால் மடையைப் போய்ப் பார்க்க வேண்டும், கரையைத் தட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

அமுக்கம் என்பதற்கு எங்கள் வார்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். தலையில் அடிபட்டவரின் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி வைப்போம், கழுத்தை நேராக வைப்போம். மூச்சுக்குழாய் டியூபை நாடாவால் கட்டும்போது நாடாவுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்ப்போம். ஒரு ராத்திரி மானிட்டரில் மண்டைக்குள் அழுத்தம் (மி.மீ. பாதரச அளவில்) 24, 25 என்று ஏறிக்கொண்டே போனது. மருந்தை ஏற்றலாமா என்று பேச்சு. போய்ப் பார்த்தால் தலை இடது பக்கம் சரிந்து கிடந்தது. நேராக்கி இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்தோம். சில நிமிடத்தில் 17. அடிபட்டு வீங்கிய மூளைக்கு அந்தச் சின்ன மடங்கலே பெரிது. நல்லாயிருக்கும் ஆள் கழுத்தைத் திருப்பினால் ஒன்றும் ஆகாது, மறுபக்கமும் முதுகுத்தண்டைச் சுற்றியிருக்கும் குழாய் வலையும் பார்த்துக்கொள்ளும். நாம் நிமிர்ந்து நின்றால் ஜுகுலர் சப்பையாகிவிடும், அந்த வலை வழியாகத்தான் பெரும்பகுதி இறங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? படுத்தால்தான் ஜுகுலருக்கு முழு வேலை.

அதனால் 12 சிட்டிங் அழுத்தினால் திறக்கும் என்பது எனக்குப் புரியவில்லை. சிறுத்திருக்கும் குழாய் மண்டையோட்டுக்குள் இருக்கிறது. கை அங்கே போகாது.

மாடிவீட்டுப் பூனை | செவ்வாய், காலை 8.15

ஒரு சின்ன இடைச்செருகல். நம் ஆட்கள் எல்லாவற்றையும் ‘நரம்பு’ என்று சொல்வதில்தான் பாதிக் குழப்பம். கையில் பச்சையாகத் தெரிவதும் நரம்பு, ஊசி போடும் இடமும் நரம்பு, கோபத்தில் புடைப்பதும் நரம்பு. பள்ளிப் புத்தகத்தில் இதயத்திலிருந்து ரத்தம் கொண்டு போவது தமனி, திரும்பக் கொண்டு வருவது சிரை என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம், பரீட்சை முடிந்ததும் மறுபடி நரம்புக்கே திரும்பிவிட்டோம். “நரம்பு அடைப்பு” என்று யாராவது சொன்னால் எந்தக் குழாய், எங்கே என்று திருப்பிக் கேளுங்கள்.

ஸ்காபரோக் குளிர் | செவ்வாய், காலை 8.31

எங்கள் பக்கம் நாடி, நாளம் என்று படித்தோம் பூனை. நாளம்தான் உங்கள் சிரை.

நூல்கண்டு | செவ்வாய், பகல் 1.10

நர்ஸ் அக்கா ‘உறைந்திருக்கும்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாமா? என் தங்கைக்கு நடந்தது.

முதல் பிரசவம், சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்து பன்னிரண்டாம் நாள் தலைவலி என்றாள். பச்சை உடம்புக்காரி, காற்று பட்டிருக்கும் என்று காதில் பஞ்சு வைத்துத் தலையை இறுக்கிக் கட்டினோம். பத்தியம் என்று தண்ணீரை அளந்துதான் கொடுத்தோம். குடித்தால் வயிறு பெருக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று பெரியம்மா கணக்கு. சித்திரை மாதம், மின்விசிறியும் கிடையாது. வாய் வறண்டு உதட்டைத் தடவிக்கொண்டே இருப்பாள். பதினாலாம் நாள் விடியற்காலை வலது கை வெட்டி வெட்டி இழுத்தது, பிறகு உடம்பு முழுக்க. பிரசவ ஜன்னி என்று ஒருவர், காத்து கருப்பு என்று ஒருவர். நல்லவேளை, அப்பா யார் பேச்சையும் கேட்காமல் வண்டியில் தூக்கிப் போட்டார்.

முதலில் போன இடத்தில் சாதாரண சி.டி. எடுத்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் மறுபடி இழுத்தது. வேறு இடத்தில் வீனோகிராம் எடுத்தபோதுதான் உச்சந்தலை சைனஸில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி, பிறகு ஆறு மாதம் வார்ஃபரின் மாத்திரை. விரலில் குத்துகிறார்கள் என்று, ரத்தம் உறையும் வேகம் பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட் நாளில் எல்லாம் அழுவாள். இப்போது நன்றாக இருக்கிறாள், பையன் யூ.கே.ஜி.

இரவுப்பணி | செவ்வாய், பகல் 3.25

நூல்கண்டு, உங்கள் தங்கை மாதிரி வருகிறவர்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன். நம் நாட்டில் இது புதிதும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு மூளைச் சிரைகளில் ரத்தம் உறைவதைப் பற்றி இந்திய டாக்டர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள்.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க, உடம்பே ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டிவைக்கிறது. ஆறு வாரம் வரை அந்த நிலை இருக்கும். அதன் மேல் தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறண்டால் ரத்தம் இன்னும் குழம்பும். ரத்தசோகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் பத்தியத்தை நான் எந்த நாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பால் கொடுக்கிறவளுக்கு இன்னும் அதிகம் வேண்டும். என் மாமியாரோடு இந்த ஒரு விஷயத்தில் நேரடியாகச் சண்டை போட்டிருக்கிறேன்.

மற்ற காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நாளைத் தள்ளிப்போடச் சாப்பிடும் நோரெதிஸ்டிரோன்கூட, அதிக அளவில் எடுத்தால் உடம்பில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. கடையில் பெயர் சொல்லி வாங்கி விழுங்காதீர்கள். ஃபேக்டர் ஃபைவ் லைடன், புரோட்டீன் சி குறைவு, புரோட்டீன் எஸ் குறைவு என்று பரம்பரையாக வரும் ரத்தம் உறைதல் கோளாறுகள். பி12 வைட்டமின் குறைந்து ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறுவது, இது சுத்த சைவர்களிடம் அதிகம். புற்றுநோய். குழந்தைகளிடம் காதில் சீழ். அதை வருடக்கணக்கில் எண்ணெய் ஊற்றியே சமாளிப்பார்கள், காதுக்குப் பின்னெலும்பு அழுகி, அதை ஒட்டி ஓடும் சைனஸில் கட்டு விழும்.

கடலூர்க்காரன், உங்கள் ரிப்போர்ட்டில் “ரத்தக்கட்டு இல்லை” என்று இருக்கிறது. அந்த வரிதான் உங்களுக்கு முக்கியம், மேலே இருக்கும் வரி இல்லை.

பழைய ஸ்கூட்டர் | செவ்வாய், மாலை 4.02

மூக்குப் பக்கத்துப் பருவைக் கிள்ளினால் மூளைக்குப் போகும் என்று பாட்டி சொல்வாள். அதுவும் இந்த வகைதானா?

இரவுப்பணி | செவ்வாய், மாலை 4.40

பாட்டி சொன்னது சரிதான். மூக்கு, மேலுதட்டு ரத்தம் கண்ணோரச் சிரை வழியாகக் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கேவர்னஸ் சைனஸுக்கும் போக முடியும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் கண் பிதுங்கும், இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். 2021 கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சையோடு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் அதைக் கண்ணால் பார்த்தேன். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஸ்காபரோக் குளிர் | செவ்வாய், இரவு 7.55

அந்த “12 சிட்டிங்” கதையை வாசித்ததும் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. தலையிலிருந்து ரத்தம் இறங்கவில்லை என்று சொல்லிக் காசு வாங்கிய பெரிய கதை ஒன்று இருக்கிறது, கனடாவில் இருப்பவர்களுக்கு நல்லாய்த் தெரியும்.

2009இல் இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்து ரத்தக்குழாய் வைத்தியர் பாவ்லோ சம்போனி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய மனைவிக்கே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் உறை கெட்டுப்போகும் நோய். அந்த நோய்க்காரருக்குக் கழுத்து நாளங்கள் ஒடுங்கியிருக்கின்றன, ரத்தம் மூளையில் தேங்குவதால்தான் நோய் வருகிறது, பலூன் போட்டு விரித்தால் குணம் தெரியும் என்றார். கனடாவில் இந்த நோய் மிக அதிகம். சனம் கொந்தளித்துவிட்டது. இங்கே செய்ய மாட்டோம் என்றதும் போலந்து, மெக்சிகோ, இந்தியா என்று கிளம்பினார்கள். ‘விடுதலைச் சிகிச்சை’ என்றே அதற்குப் பெயர்.

என் மச்சாளும் 2011இல் சேர்த்து வைத்த காசோடு போய் வந்தா. வந்த முதல் மாதம் கால் இலகுவாய் இருக்கிறது என்று படியேறிக் காட்டினா. நாங்கள் கேக் வெட்டினோம். நாலாம் மாதம் பழைய பொல்லு, அதுதான் ஊன்றுகோல், கைக்கு வந்துவிட்டது. அவவிடம் அது பொய் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பிறகு கனடாவில் செய்த ஆய்வு 2013இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒடுங்கிய நாளம் நோயில்லாதவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தது. 2012இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், இதைச் செய்துகொண்டவர்களில் மரணமும் நடந்திருக்கிறது என்று எச்சரித்திருந்தது. கடைசியில் சம்போனியே முன்நின்று நடத்திய சோதனை 2017இல் முடிவு சொன்னது: பலூன் போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் இல்லை. தன் கருத்துக்கு எதிரான முடிவை அவரே பிரசுரித்தார், அதற்கு மட்டும் நான் தலை வணங்குவேன்.

படத்தில் ஒடுக்கம் தெரிந்தால் அதுதான் நோய்க்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. எங்கள் வீட்டில் அதற்குக் கொடுத்த விலை பதினாயிரம் டொலர்.

தேன்மிட்டாய் | புதன், காலை 10.18

இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போகிறவள், முதல் தடவை எழுதுகிறேன். எனக்கு 29. நிஜமாகவே இரண்டு பக்க டிரான்ஸ்வர்ஸ் சைனஸும் ஒடுங்கியிருக்கும் ஆள் நான்.

உடம்பு கொஞ்சம் பருமன். படுத்து எழுந்தால் தலைவலி, குனிந்தால் கண் முன்னால் இரண்டு விநாடி இருட்டு, காதுக்குள் நாடித்துடிப்பு ‘ஸ்ஷ் ஸ்ஷ்’ என்று கேட்கும். கண்ணாடி மாற்றலாம் என்று போன இடத்தில் கண் டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, கண்நரம்பு வீங்கியிருக்கிறது, இன்றைக்கே நியூராலஜி போங்கள் என்றார். முதுகில் ஊசி போட்டு மூளையைச் சுற்றியிருக்கும் நீரின் அழுத்தம் பார்த்தார்கள். இதை செ.மீ. நீர் அளவில் சொல்வார்கள், 25 வரை இருக்கலாமாம், எனக்கு 34.

இதில் வேடிக்கை, குழாய் ஒடுங்கியதால் அழுத்தம் ஏறியதா, அழுத்தம் ஏறியதால் குழாய் நசுங்கியதா என்பது கோழி முட்டைக் கதை. நீரை எடுத்ததும் ஒடுங்கிய குழாய் விரிந்துகொள்வதும் உண்டு என்று டாக்டர் சொன்னார். முகப்பருவுக்கு எடுக்கும் டாக்சிசைக்ளின், ஐசோட்ரெடினாய்ன் மாத்திரைகளும் இதைக் கிளப்பிவிடலாம். நான் டாக்சிசைக்ளின் இரண்டு மாதம் எடுத்திருந்தேன். நிறுத்தச் சொல்லி, அழுத்தத்தைக் குறைக்க அசிட்டசோலமைட் மாத்திரை கொடுத்தார்கள். விரல் நுனி எல்லாம் எறும்பு ஊரும், கோலி சோடா குடித்தால் இரும்புத் தண்ணி மாதிரி இருக்கும். அதோடு எட்டு கிலோ குறைத்தேன். இப்போது கண் வீக்கம் இல்லை. ஸ்டென்ட் வைக்கும் நிலை எனக்கு வரவில்லை.

அண்ணா, உங்கள் கண்ணை உள்ளே விளக்கடித்து யாராவது பார்த்தார்களா?

கத்தரி வெயில் | புதன், பகல் 12.30

கழுத்துக்குக் கீழேயிருந்து அமுக்குவதை யாரும் சொல்லவில்லையே. என் பெரியப்பா பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க், முப்பது வருடம் ஒரே அளவு சட்டை. ஒரு நாள் காலர் பட்டன் பூட்டவில்லை. தையல்காரரைத் திட்டினார். காலையில் முகம் உப்பியிருக்கும், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். அலர்ஜி என்று மாத்திரை, கிட்னி என்று டெஸ்ட். ஒருநாள் கிணற்றடியில் குளிக்கும்போது பெரியம்மாதான் பார்த்தாள், நெஞ்சின் மேல் நீல நீலமாகப் புழு ஓடிய மாதிரிக் கோடு. தலையிலிருந்தும் கையிலிருந்தும் வரும் ரத்தம் சேர்ந்து இதயத்துக்குள் போகும் மகாசிரையை நுரையீரல் கட்டி ஒன்று அமுக்கியிருக்கிறது. வழி இல்லாத ரத்தம் தோலுக்கடியில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. பீடி மனுஷன்.

நிணநீர்க்கட்டிப் புற்று, டயாலிசிஸுக்காக நெஞ்சுப் பக்கம் போட்டு வைத்த குழாய், பேஸ்மேக்கர் ஒயர், நெஞ்செலும்புக்குள் இறங்கிய தைராய்டு கட்டி, இவையும் இதைச் செய்யும். தைராய்டு கட்டி என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு நிமிடம் நிற்கச் சொல்வார்கள். முகம் சிவந்து திணறினால் சந்தேகம் உறுதி.

மாடிவீட்டுப் பூனை | புதன், பகல் 2.47

வான்வெளியிலும் இதே பஞ்சாயத்து உண்டு. அங்கே எடை இல்லை, ரத்தம் கீழே இறங்க ஈர்ப்பு உதவாது. 2019இல் வந்த ஓர் ஆய்வில் 11 விண்வெளி வீரர்களின் கழுத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது 6 பேருக்கு இடது ஜுகுலரில் ரத்தம் தேங்கியோ திரும்பியோ ஓடியிருக்கிறது. ஒருவருக்கு ரத்தக்கட்டே விழுந்துவிட்டது. மேலே இருந்த ஊசி மருந்தை அளந்து அளந்து போட்டுக்கொண்டு, அடுத்த சரக்குக் கலத்தில் மாத்திரை வரும் வரை சமாளித்தார்கள்.

பழைய ஸ்கூட்டர் | புதன், மாலை 5.15

அப்போ சிரசாசனம்? தினமும் பத்து நிமிடம் நிற்கிறேன்.

இரவுப்பணி | புதன், இரவு 8.05

கண் அழுத்தம் தலைகீழாக நிற்கும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால் வேண்டாம் ஐயா, ஒரு தடவை கண்ணைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பதையும் விட்டுவிடுங்கள். அதில் கிழிவது சிரை அல்ல, மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் தமனி. பக்கவாதம் வந்து எங்களிடம் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடலூர்க்காரன் | அடுத்த புதன், இரவு 9.20

டாக்டரைப் பார்த்துவிட்டேன். முதலில் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், வீக்கம் இல்லை. தேன்மிட்டாய், நீங்கள் கேட்டதால் நானே வாய்விட்டுக் கேட்டேன், நன்றி. படத்தைத் திரையில் வைத்து மாமா சொன்ன அதே ஓட்டையைக் காட்டினார். இடது பக்கம் சின்னது. பிறவி.

பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை போடுகிறீர்கள்? எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு. மாதத்துக்கு 15 நாளுக்கு மேல் மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். முதலில் இருந்தது ஒற்றைத் தலைவலி, இப்போது இருப்பது மாத்திரைத் தலைவலி என்றார். நிறுத்தியிருக்கிறேன். முதல் நான்கு நாள் நரகம். இன்று ஆறாம் நாள், கொஞ்சம் தேவலாம். திடீரென்று இடி விழுந்த மாதிரி வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, கை கால் இழுத்தாலோ நேரே எமர்ஜென்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

எம்ஆர்ஐ மாமா | அடுத்த புதன், இரவு 9.48

நல்லது தம்பி. அட்வான்ஸ் என்னாச்சு?

கடலூர்க்காரன் | அடுத்த புதன், இரவு 10.02

திருப்பித் தர மாட்டார்களாம். வேண்டுமானால் வீட்டில் யாருக்காவது முழங்கால் சிட்டிங்காக மாற்றிக்கொள்ளலாமாம். மாமியாரிடம் கேட்டேன், கும்பிடு போட்டுவிட்டார்.